மச்சுப் பலகையும் ஒரு குவளைத் தண்ணீரும்

தங்கள் இல்லத்தின் தளம் எதனாலானது? சிமிட்டி, மொசைக், பளிங்கு, டைல்ஸ் என்றே பெரும்பாலோர் விடை கூறுவீர்கள். ஆயினும் பழைய மெத்தை வீடுகளை இன்றளவும் காத்து வருவோர் சிலர், "எங்கள் வீட்டு மாடி மரப்பலகைதான்" என்று கூறக்கூடும். சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் அடுக்ககங்களில் குடியேறியிருப்போர் சிலருடைய அறைகளிலும் மரத்தளமோ, மரம் போலத் தோன்றும் தளமோ இப்போது இடம்பெற்று வருகிறது. இக்கட்டுரை அவ்விரு சாராருக்கும் உரியது.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். துடைப்பத்தை அதிகம் பிடித்தறியாதவன் நான். இங்கே நான் எழுதப்போகும் வற்றில் பாதி என் தாயார் பல்லாண்டுகளாகச் சொல்லி, நான் செவிமடுக்காதிருந்தவை. மறுபாதி ஒரு முதிய ஆசாரியிடமிருந்து, காசு செலவான பிறகு கற்றவை.

என் தாயாரின் பாட்டனார் ரங்கூனில் வணிகம் செய்தவர். 1942இல் ஜப்பானியப் படை அந்நகரைக் கைப்பற்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஊர் திரும்பி, தாம் ஈட்டியதைக் கொண்டு ஒரு மெத்தை வீட்டைக் கட்டினார். கீழே செங்கல்லும் சுண்ணாம்பும். மேலேயோ பர்மாத் தேக்கு. சுவருக்குச் சுவர் உத்திரங்கள், உத்திரங்களின்மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின்மேல் ஒரு சாண் அகலமுள்ள பலகைகள் என்ற முறையில் அமைந்த அத்தளத்தை 'மச்சு' என்றே எங்கள் வீட்டில் வழங்குவோம். அதன் மேற்குச் சுவரோரம்தான் என் உம்மா தொழுமிடம். நான் ஓதப் பழகியதும் அப்பலகைகளின்மீது கோரைப்பாய் விரித்து அமர்ந்துதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், என் சகோதரியின் மகளுக்கு நிகாஹ் நடைபெற்றது. உறவினர் திரண்டனர். குழந்தைகள் அனைவரையும் மச்சில் படுக்க வைத்தோம். விருந்தினர் விடைபெற்ற மறுநாள் மேலே சென்று பார்த்தால், இரண்டு மூன்று இடங்களில் பிள்ளைகள் சிறுநீர் கழித்த அடையாளம்! உம்மா தொழும் மூலையிலும் ஓரிடம். எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துவரச் செய்தேன். சோப்புத் தூளைத் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, பத்து வாளிக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவிவிட்டேன். பலகை இடுக்குகள் வழியே நீர் இறங்கி, கீழே பந்தல்காரரின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனரின் தாள்களையும் நனைத்தது.

"வாப்பா, மரத்துக்கு இப்படித் தண்ணி காட்டாதே. பொழுது சாயுறதுக்குள்ளே காயாது" என்று உம்மா தடுத்தார்கள். நானோ தூய்மையைப் பற்றிய நபிமொழியை அவர்களுக்கே ஓதிக் காட்டினேன். மதரஸாவில் பாடம் நடத்திப் பழகிய நாவு அல்லவா! உம்மா ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரமே அடைமழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை முடிவதற்குள் பலகைகள் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, இரு விளிம்புகளும் தூக்கிக்கொண்டு, ஓட்டுக் கூரையைக் கவிழ்த்து வைத்தாற்போல ஆகிவிட்டன. ஆணியடித்த இடங்களிலெல்லாம் கருமை படர்ந்தது. உம்மாவின் கால்விரல் ஒருமுறை தூக்கிய விளிம்பில் இடித்துக் காயமும் பட்டது.

மரம் ஏன் அவ்வாறு வளைகிறது? மரம் வெட்டப்பட்டு நூறாண்டுகள் ஆனாலும், காற்றில் ஈரம் மிகும்போது அதனை உறிஞ்சி விரிவதையும், காற்று உலரும்போது ஈரத்தை விட்டுச் சுருங்குவதையும் நிறுத்துவதில்லை. நெடுக்கில் இம்மாற்றம் மிகச் சொற்பம். அகலத்தில்தான் அது புலப்படும். பச்சை மரம் முற்றிலும் உலரும் வரையில், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் தேக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கான திசையில் அதில் பாதியும் இராது. வேறு பல மரங்கள் இதனினும் கூடுதலாகச் சுருங்கும். தேக்கை நம் முன்னோர் விரும்பியதற்கு அதன் அழகு மட்டுமன்று, இந்த அடக்கமும் ஒரு காரணம். ஆங்கிலேய ஆட்சியினரும் தங்கள் கப்பல்களுக்கு அதனை நாடியே, 1840களில் மலபாரின் நிலம்பூரில் தேக்கந்தோட்டம் பயிரிட்டனர்.

பலகையின் மேற்புறம் காற்றும் வெயிலும் பட்டு விரைவில் உலர்ந்துவிடும். இடுக்கின் வழியே இறங்கிய நீரோ அடிப்புறத்திலும் விளிம்புகளிலும் தங்கிவிடும். அடிப்பக்கம் பருத்து, மேற்பக்கம் சுருங்கி நின்றால், விளிம்புகள் தூக்குவதன்றி வேறு வழியில்லை.

இங்கேதான் நான் இரண்டாவது தவற்றைச் செய்தேன். அந்தத் தை மாதத்திலேயே, இயந்திரத்தால் தளம் தேய்க்கும் ஒருவரை அழைத்துவந்தேன். ஒரே நாளில் தூக்கிய விளிம்புகளையெல்லாம் தேய்த்துத் தளத்தைக் கண்ணாடிபோல் சமமாக்கி, பளபளக்கும் வார்னிஷையும் பூசித் தந்தார். மகிழ்ந்து கூலி கொடுத்தேன். பங்குனி, சித்திரை வெயிலில் பலகைகளின் அடிப்புறமும் உலர்ந்து அவை தம் பழைய நிலைக்குத் திரும்பியபோது, தேய்க்கப்பட்ட விளிம்புகள் தாழ்ந்து, நடுப்பகுதி மேடாகிவிட்டது! முன்பு குழிந்திருந்தது இப்போது புடைத்து நின்றது. அவரைக் குறை கூறிப் பயனில்லை; அவசரப்படுத்தியவன் நானே. ஈரத்தால் வளைந்த பலகையை ஒரு கோடை முழுதும் காற்றோட்டத்தில் உலரவிட்டால், அது பெரும்பாலும் தானாகவே படிந்துவிடும். படியாமல் எஞ்சும் குறையை மட்டுமே பிறகு தேய்க்கலாம். பலகையின் கனம் ஓர் அங்குலமென்றால், ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் ஒரு பகுதி தூளாகப் போகிறது, போனது வளராது.

ஆசாரியின் குத்தூசி

வைகாசியில் ஒரு முதிய ஆசாரியார் வந்து பார்த்தார். பலகைகளைக் குனிந்தும் பாராமல் நேரே மேற்குச் சுவரோரம் சென்று, குத்தூசியை எடுத்துச் சட்டம் சுவருக்குள் நுழையுமிடத்தில் அழுத்தினார். அது புட்டுக்குள் இறங்குவதுபோல் விரற்கடை ஆழம் இறங்கியது. வேறு இடங்களில் அழுத்தியபோது நுனிகூட ஏறவில்லை.

"ஆலிம்சா, இங்க யாரு நிக்குறது?" என்று கேட்டார்.

நாள்தோறும் ஐந்து வேளையும் என் உம்மா நிற்குமிடம் அது. மச்சிலிருந்து கீழ்த்தளம் பன்னிரண்டு அடி. அப்போது என் மேனி நடுங்கியதை இங்கே எழுதிக் காட்ட இயலாது.

நான் ஊற்றிய பத்து வாளி நீரால் மட்டும் வந்த கேடன்று அது. மொட்டை மாடி நீர் இறங்கும் குழாய் சுவருக்குள் விரிசல் கண்டு, பல மழைக்காலங்களாகச் சுவரை நனைத்து வந்திருக்கிறது. சட்டத்தின் முனை அந்த ஈரச் சுவருக்குள் புதைந்து கிடந்தது. போதாக்குறைக்கு, உம்மா ஒளுச் செய்யும் தண்ணீர்ச் செம்பும் அங்கேதான் இருக்கும். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட, அதிலுள்ள ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழிருக்கும் வரையில் மரத்தை மக்கச் செய்யும் பூசணம் அதில் வேர்கொள்ள இயலாது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதி அதற்கு மேலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆயினும் சட்டத்தின் ஓரத்தில் வெளிறு சிறிதேனும் இருந்து, ஈரமும் ஆண்டுதோறும் ஓயாதிருந்தால், எந்த மரமானாலும் ஒரு நாள் தோற்றே தீரும்.

ஆகவே மரத்தளமுள்ள வீட்டார் ஆண்டுக்கு ஒருமுறையேனும், மழைக்காலம் முடிந்ததும், சட்டங்களும் உத்திரங்களும் சுவரில் நுழையும் முனைகளைப் பார்க்க வேண்டும். மரத்தளத்தைப் பேணுதல் என்றவுடன் பளபளப்பைப் பற்றியே நினைக்கிறோம். ஆளின் எடையைத் தாங்குவது பளபளப்பன்று. விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பொத்தென்று ஒலித்தால் ஐயம் கொள்ளுங்கள். குத்தூசியோ சிறு திருப்புளியோ கொண்டு அழுத்திப் பாருங்கள். சுவரில் மண் குழாய்போல் கோடு ஏறியிருந்தால் அது கறையான் பாதை. கீழ்த்தளத்தில் காலைதோறும் மாவுபோல் மெல்லிய தூள் உதிர்ந்திருந்தால், மேலே மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. இவற்றில் எதனைக் கண்டாலும், அவ்விடத்தில் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, அறிந்த தச்சரை அழைத்துவிடுங்கள்.

துபாயிலிருக்கும் என் மூத்த சகோதரர், செய்தி கேட்டதும், "பெயர்த்து எறிந்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள், டைல்ஸ் ஒட்டுங்கள், பணம் அனுப்புகிறேன்" என்றார். அவர் அன்பினாலேயே கூறினார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆசாரியார்தான் தலையசைத்தார். அவர் சொன்ன கணக்கை நான் பிறகு ஒரு பொறியாளரிடமும் சரிபார்த்தேன். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. ஓர் அங்குலத் தேக்குப் பலகையோ அதே பரப்புக்குப் பதினாறு, பதினேழு கிலோதான். சட்டங்களைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறிவிடாது. பலகைத் தளத்துக்கென்று எழுப்பிய பழைய சுண்ணாம்புச் சுவரின் தலையில் திடீரென்று அத்தனை எடையை ஏற்றலாமா என்பதை, கடைக்காலையும் சுவரையும் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். நம் ஊர்களில் பலர் இதனை ஆராயாமலே செய்துவிட்டு, பின்னர் சுவரில் வெடிப்புக் கண்டு திகைக்கின்றனர்.

முதலில் குழாயைச் சுவருக்கு வெளியே மாற்றினோம். மக்கிய சட்டத்தை எடுத்துவிட்டு, வீடு பிரித்த பழைய மரங்கள் விற்கும் கடையில் தேடி, ஏற்கெனவே நன்கு உலர்ந்த தேக்குச் சட்டம் ஒன்றும் மூன்று பலகைகளும் வாங்கினோம். புதுச் சட்டத்தின் முனையை ஆசாரியார் சுவருக்குள் இறுகப் பூசி மூடவில்லை. சுற்றிலும் விரல் நுழையும் அளவு இடம் விட்டார். மரம் மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அவர் வாக்கு. ஈரம் வெளியேறக் காற்று வேண்டும் என்பது அதன் பொருள்.

அன்றாடப் பேணுதல்

எங்கள் ஊரைப் போலக் கடற்கரை மணலுள்ள ஊர்களில் மரத்தளத்தின் முதற்பகைவன் கால்மணல். மணற்பரல் தேக்கைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. அது காலடியில் சிக்கி உப்புத்தாள் போல நாள்தோறும் தேய்க்கிறது. மாடிப்படியின் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் கயிற்று மிதியடி போடுங்கள். காலணியைக் கீழேயே கழற்றிவிடும் நம் வழக்கம் இங்கே பெருந்துணை. காலையில் மென்மையான பூந்துடைப்பத்தால் உலரப் பெருக்கினால் போதும். தென்னந்துடைப்பம் முற்றத்துக்கு உரியது.

வாரம் ஒருமுறை துடைக்க விரும்பினால், துணியைத் தண்ணீரில் நனைத்து, இனிச் சொட்டாது என்னும் வரை முறுக்கிப் பிழிந்து, பலகையின் நெடுக்குவாட்டில் துடையுங்கள். துடைத்த இடம் ஓரிரு நிமிடத்தில் உலர்ந்துவிட வேண்டும். உலரவில்லையேல் துணியில் நீர் மிகுதி. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் மரத்துக்கு ஆகா. மழை நாட்களில் துடைப்பதையே நிறுத்திவிடலாம். சாரல் அடிக்கும் சன்னலை மூடி, மறுபுறத்துச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

தளத்தின் மேற்பூச்சு உயிரோடிருக்கிறதா என்றறிய எளிய சோதனையொன்று உண்டு. சில துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். துளிகள் முத்தாக நின்றால் பூச்சு நலம். சில நிமிடங்களில் மரம் அதனைக் குடித்துக் கருத்துவிட்டால், பூச்சு தேய்ந்துவிட்டது என்று கொள்க.

பூச்சில் பல வகையுண்டு. வார்னிஷும், பி.யூ. எனப்படும் பாலியூரிதேனும் மரத்தின்மேல் ஆடைபோல் படிபவை, உறுதியானவை. ஆனால் ஓரிடத்தில் கிழிந்தால் அவ்விடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது கடினம். அறை முழுவதையும் தேய்த்துப் பூச வேண்டியதாகும். ஆளி விதை எண்ணெயோ மரத்துக்குள் இறங்கிக் காற்றோடு கலந்து இறுகுவது. உழைப்பு அதற்கு அதிகம். ஆயினும் தேய்ந்த இடத்தில் மட்டும் மீண்டும் தடவிக்கொள்ளலாம். நாங்கள் இரண்டாவதையே தேர்ந்தோம். மெழுகுப் பாலிஷ் கண்ணைப் பறிக்கும். முதியோர் வழுக்கி விழவும் செய்யும். தொழுவதற்காக எழுந்து அமரும் மூதாட்டியுள்ள வீட்டில் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

தேங்காயெண்ணெயைத் தடவலாமே என்று சிலர் கூறுவர். அது ஒருநாளும் இறுகாது. பிசுபிசுத்துப் புழுதியை ஈர்த்துச் சிக்கு நாற்றம் அடிக்கும். ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால்மணி, அரைமணி நேரத்தில் மரம் குடிக்காது எஞ்சியதை உலர்ந்த துணியால் முற்றும் துடைத்துவிட வேண்டும். ஒரு நாளோ இரண்டு நாளோ உலரவிட்டு அடுத்த முறை தடவுங்கள். கனமாகப் பூசினால் விரைவில் முடியும் என்று கருதுவோருக்குக் கிடைப்பது ஒட்டும் தளமே.

இதில் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடிய ஒன்றை அருள்கூர்ந்து நினைவில் வையுங்கள். அவ்வெண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது இறுகும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்புப் படாமலே துணி தானாகத் தீப்பற்றுவதுண்டு. வேலை முடிந்தவுடன் துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துங்கள். அல்லது நீருள்ள தகரப் பாத்திரத்தில் அமிழ்த்தி வையுங்கள்.

ஆசாரியார் சட்டங்களின் அடிப்புறத்துக்கு மட்டும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைப் பூசினார். படகுகளுக்குப் பூசப்படும் அதே எண்ணெய்தான். தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும் என்பதால் கைம்பெண் உழைப்பு, பிள்ளைகள் உதவி என்றெல்லாம் நாமே செய்ய வேண்டிய வேலையன்று. நடக்கும் பரப்புக்கும் உரியதன்று.

ஆணிகளைச் சுற்றிப் படர்ந்த கருமைக்கு வருகிறேன். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் நீரும் கூடினால் மை பிறக்கும். பழங்காலத்தில் எழுதும் மையையே அவ்வாறு செய்தனர். ஆகவே டிரங்குப் பெட்டியையும் இரும்புக் கட்டிலையும் ஈரத்தோடு பலகைமேல் நேரடியாக வைக்காதீர்கள். காலுக்கடியில் தடித்த துணியோ மரக்கட்டையோ கொடுங்கள். அக்கறையை ஆக்ஸாலிக் அமிலம் நீக்கும். ஆனால் அது நஞ்சு. குழந்தைகளுள்ள வீட்டில் கறையோடு வாழ்வதே மேலென்று நாங்கள் விட்டுவிட்டோம்.

நடக்கும்போது கிறீச்சிடும் பலகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் தளர்ந்த ஆணியில் பலகை உரசும் ஒலியே அது. இடுக்கில் சிறிது முகப்பவுடரைத் தூவி நாலைந்து முறை மிதித்தால் அடங்கும். அடங்காவிட்டால் ஆணிக்குப் பதிலாகத் திருகாணி. தஹஜ்ஜுதுக்கு எழும் உம்மாவின் நடையை அந்த ஒலியைக் கொண்டே நாங்கள் அறிந்து வந்தோம். அதனால் ஒரு பலகையை மட்டும் திருகாமல் விட்டிருக்கிறோம்.

புதிய அடுக்ககவாசிகளுக்கு ஒரு சொல். தங்கள் தளம் முழு மரமா, மேலே மெல்லிய மர ஏடு ஒட்டியதா, அல்லது லேமினேட்டா என்பதை முதலில் கேட்டறியுங்கள். லேமினேட் என்பது மரத்தின் படம் அச்சிட்ட தாளை, அழுத்திய மரத்தூள் பலகைமேல் ஒட்டி மூடியது. அதன் இணைப்பில் நீர் புகுந்தால் ஊதிவிடும், உலர்ந்தாலும் வற்றாது. அதைத் தேய்க்கவும் இயலாது, எண்ணெய் தடவியும் பயனில்லை. ஆவி கொண்டு துடைக்கும் கருவியை மூன்றில் எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு குவளை போதுமா?

இனி என் முதல் தவற்றுக்குத் திரும்புகிறேன். தண்ணீர் ஊற்றாதே என்றால், நஜீஸ் பட்ட மரத்தளம் எவ்வாறு சுத்தமாகும்? தொழும் இடமாயிற்றே! பல தாய்மார்களின் மனத்தை உறுத்தும் கேள்வி இது. என் மனைவியும் இதனையே கேட்டார்.

விடையை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நானே ஓதிக்கொடுத்து வந்திருக்கிறேன் என்பதுதான் வெட்கம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, சிறுநீர் போன்ற நஜீஸ் தரையில் பட்டால், முதலில் அதன் ஈரத்தை உலர்ந்த துணியாலோ தாளாலோ ஒற்றி, பொருளும் நிறமும் வாடையும் எஞ்சாதவாறு அகற்றிவிட வேண்டும். பின்னர் அந்த இடத்தின்மீது, அதனை மூடி ஓடுமளவுக்குத் தூய நீரை ஒருமுறை ஊற்றினால் இடம் சுத்தமாகிவிடும். ஒரு கை அகல இடத்துக்கு ஒரு குவளை நீர் தாராளம். ஊற்றிய நீரை உடனே மற்றோர் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். பூச்சு நலமாயுள்ள பலகைக்கு அவ்வளவு நீரால் தீங்கு நேராது. பால் தவிர வேறுணவு உண்ணத் தொடங்காத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீராயின், நீர் ஓட வேண்டுமென்பதும் இல்லை; அவ்விடம் முழுதும் படுமாறு தெளித்தாலே போதும். ஹனஃபி மத்ஹபில் விவரங்கள் சில வேறுபடுவதால், அதனைப் பின்பற்றுவோர் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

மாறாக, நம் வீடுகளில் நடப்பதென்ன? ஈரத்தை ஒற்றாமலே வாளியில் துணியை நனைத்துத் துடைத்து, அதே துணியை மீண்டும் அதே வாளியில் அலசி, மீண்டும் துடைக்கிறோம். வாளி நீர் இரு குல்லத்துக்கு மிகக் குறைந்தது. நஜீஸ் பட்ட துணியை அதில் தோய்த்த மாத்திரத்தில் அதுவும் நஜீஸாகிவிடுகிறது. ஒரு சாண் இடத்திலிருந்ததை அறை முழுதும் பரப்பியதே மிச்சம்! பத்து வாளி ஊற்றிய நானும், சட்டப்படி தேவையில்லாததைச் செய்து, மரத்துக்குத் தேவையில்லாததையும் செய்தேன். அன்று என்னை இயக்கியது மார்க்கம் அன்று, வஸ்வாஸ்.

விரைந்து ஒற்றுவதில் மரத்துக்கும் நன்மையுண்டு. சிறுநீர் ஊறித் தங்கினால் பலகை கருத்துவிடும். வாடையும் எளிதில் போகாது. எனவே கைக்குழந்தையுள்ள வீட்டில் மச்சுப்படியருகே உலர்ந்த பழைய துணிகள் நாலைந்தும் ஒரு குவளையும் எப்போதும் இருக்கட்டும். ரப்பர் விரிப்பைக் குழந்தையின் பாய்க்கடியில் நாள்முழுதும் போட்டு வைக்காதீர்கள்; அடியில் ஈரம் தேங்கும். பாயையும் முஸல்லாவையும்கூட அவ்வப்போது சுருட்டி வைத்தால், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பலகை ஒரே நிறமாக முதிரும்.

உம்மா இப்போது ஒளுச் செம்பை மச்சுக்கு வெளியே, படிக்கட்டின் சிமிட்டித் தரையில் வைத்துக்கொள்கிறார்கள். புதிதாகச் சேர்த்த மூன்று பலகைகள் இன்னும் நிறம் வேறுபட்டே தெரிகின்றன. எண்ணெய் தடவித் தடவி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒன்றிவிடும் என்கிறார் ஆசாரியார். முஸல்லாவைச் சற்றுத் தள்ளி விரிக்கலாமே என்று நான் கேட்டேன். "அவரு சரி பண்ணிட்டாருல்ல?" என்று கூறிவிட்டு, உம்மா அந்த மூன்று பலகைகளின் மேலேயே விரித்தார்கள்.